ஒன்றரை எட்டு தள்ளி நட்ட குச்சி

…இல்லை, அது லாரிக் கதவு சாத்திய சத்தமாக இருக்க முடியாது, கதவுக்கு அத்தனை கனம் ஏது, கொட்டகைக் கூரையிலிருந்து பனி சரிந்தால் ‘தொம்’ என்று விழுந்து அதோடு அடங்கிவிடும், இது அடங்கவில்லை, சுரங்கத்தில் ஆள் இறக்கும் கூண்டு அடியில் போய் மோதினால் வருமே ஒரு ‘டங்’, அப்படி ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழிசல் சத்தம், கிழிவது தகரமா இரும்பா என்று காது தரம் பிரிப்பதற்குள் எல்லாம் நின்றுவிட்டது, இயந்திரம் நின்றுவிட்டது, வெர்னாவின் வண்டியில் எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் ரேடியோகூட நின்றுவிட்டது, நிற்காதது என் கையிலிருந்த காப்பி மட்டும்தான், அது குவளை விளிம்பு தாண்டி, விரல் தாண்டி, மேசைத் துணியில் சொட்டிக்கொண்டிருந்தது, சுட்டதா? சுட்டிருக்கும். எனக்குத் தெரியவில்லை. ஜன்னலில் ஆவி படிந்திருந்தது, முழங்கையால் துடைத்தேன், துடைத்த வட்டத்துக்குள் என் வண்டிப்பாதையின் வளைவு தெரிந்தது, வளைவில் எதிர்வீட்டு வெர்னாவின் பச்சை பிக்கப், அதன் மூக்கில் மாட்டியிருக்கும் பனி தள்ளும் தகடு ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, குதிரை உதைத்துத் தாடை கழன்ற ஆள் மாதிரி… அப்புறம் அந்தச் சிவப்பு. வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளைப் பனியில் சிவப்பாக ஒன்று பரவிக்கொண்டிருந்தது. மான் சுடும் காலம் முடிந்து ஒன்பது நாள்தான் ஆகிறது, பனியில் சிவப்பைப் பார்த்தால் என்னைப் போன்றவன் கண்ணுக்கு வேறு என்ன தோன்றும்? லெம்பி என்று கத்தினேன். லெம்பி என் மனைவி, அவள் போய் ஒன்பது குளிர்காலம் ஆகிறது, வெர்னா என்றல்லவா கத்தியிருக்க வேண்டும், வாய்க்கு எது பழக்கமோ அது வந்தது.

பூட்ஸை மாட்டினேனா, சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டை எடுத்தேனா, எதுவும் நினைவில்லை, போய்ச் சேர்ந்தபோது இரண்டும் உடம்பில் இருந்தன, பூட்ஸ் இடது வலது மாறி இருந்தது. எழுபத்தொன்பது வயதில் முழங்கால் வரை பனியில் ஓடினேன் என்று சொன்னால் எவன் நம்புவான், ஓடினேன். வண்டிக் கதவு திறந்திருந்தது, வெர்னா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள், நெற்றியில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம், ரத்தம் இல்லை, அப்படியானால் அந்தச் சிவப்பு? குனிந்து தொட்டேன், வழவழவென்றிருந்தது, எண்ணெய். தகட்டைத் தூக்கி இறக்கும் குழாய் அறுந்து எண்ணெய் கொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெயை முகர்ந்து பார்த்துவிட்டு நான் ஒரு சத்தம் போட்டேன், சிரிப்பா அழுகையா, அதற்கும் பெயர் தெரியவில்லை. “என்ன, நான் செத்துட்டேன்னு நெனச்சீங்களா பெரியவரே?” என்று அவள்தான் முதலில் பேசினாள், “உங்க மூஞ்சியப் பாருங்க, பனியவிட வெளுத்திருக்கு. நான் இருக்கேன். இந்தப் பாழாப்போன தகடுதான் போச்சு.” குரல் தெம்பாகத்தான் இருந்தது, கைதான் ஸ்டியரிங்கை விடவில்லை, விரல் விரலாக நான் பிரித்துவிட வேண்டியிருந்தது. “எதுல மோதினேன்?” என்று கேட்டாள். “கல்லா? உங்க பாதைல கல்லே கிடையாதே, ஒம்போது வருசமா தள்ளுறேன்.” அப்போதுதான் நான் தகட்டுக்கு அடியில் பார்த்தேன். பார்த்ததும் ஏற்கெனவே வெளுத்திருந்த முகம் இன்னும் வெளுக்க இடமிருந்தால் வெளுத்திருக்கும். தகடு விலக்கிய பனிக்குள்ளிருந்து ஒரு முழம் உயரத்தில் துருப்பிடித்த தண்டவாளத் துண்டு நிமிர்ந்து நின்றது, அதன் தலையில் இரும்பு புதிதாக மின்னியது, அசைந்திருக்கிறதா என்றால் ஒரு நூல்கூட அசையவில்லை. அது எப்படி அசையும்? நட்டது நான். சுரங்கத்திலிருந்து தூக்கி வந்த தண்டவாளம், கழுத்தளவு குழி, மூன்று மூட்டை சிமெண்ட், எங்கள் நாய் ஹல்லியைக் கட்டிப்போட. கரடி வந்து இழுத்தாலும் பிடுங்கக் கூடாது என்று நட்டேன். ஹல்லி செத்து இருபது வருஷம் ஆகிறது.

மறந்துவிட்டேனா? அதுதான் எனக்கே புரியவில்லை, மறந்தேன் என்று சொன்னால் பொய், ஒவ்வொரு கோடையிலும் புல்வெட்டி அந்த இடத்துக்கு வந்தால் என் கை தானாக வளைந்து அதைச் சுற்றிக்கொண்டு போகும், இருபது கோடை சுற்றியிருக்கிறேன், கைக்குத் தெரியும், தலைக்குத் தெரியாது, சொந்த வாயில் இருக்கிற பல்லை எவன் எண்ணிக்கொண்டிருக்கிறான்? பாதையோரக் குச்சியை நகர்த்திய அன்று கையும் சொல்லவில்லை, தலையும் கேட்கவில்லை… ஆமாம், குச்சி. எங்கள் பக்கத்தில் அக்டோபரில், பூமி உறைவதற்கு முன்னால், வீட்டுக்காரன் தன் பாதையின் இரண்டு ஓரமும் குச்சி நட்டுவிட வேண்டும், தலையில் சிவப்புத் துணி கட்டி. பனி விழுந்துவிட்டால் பாதை ஏது, புல் ஏது, பள்ளம் ஏது, எல்லாம் ஒரே வெள்ளைத் தாள், அதில் குச்சி மட்டும்தான் எழுத்து. தகடு ஓட்டுகிறவன் தரையைப் பார்ப்பதில்லை, குச்சியைப் பார்க்கிறான், குச்சிக்கு உள்ளே இருந்தால் உனக்கு ஆபத்தில்லை என்று வீட்டுக்காரன் கொடுத்த வாக்கு அது. இந்த வளைவுக் குச்சியை நான் காலால் அளந்து ஒன்றரை எட்டு வெளியே தள்ளி நட்டேன். மான் காலத்துக்கு முந்தின வாரம். வீட்டைச் சூடாக்கும் கேஸ் கொண்டுவருகிற லாரிக்காரன், இந்த வளைவில் லாரி திரும்பவில்லை, பாதையை அகலப்படுத்தி வைக்காவிட்டால் அடுத்த தடவை தொட்டியை நிரப்பாமல் போய்விடுவேன் என்று மிரட்டிவிட்டுப் போனான், ஒரு காகிதத்தையும் நீட்டினான், எறும்பு எழுத்தில் என்னென்னவோ, எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனிடம் எறும்பு எழுத்தை நீட்டுகிறவன் எவனாக இருந்தாலும் திருடன் என்பது என் கணிப்பு, சுரங்கத்தை மூடியபோதும் அப்படி ஒரு காகிதத்தில்தான் கையெழுத்து வாங்கினார்கள், வசந்தத்தில் திறப்போம் என்றார்கள், ஐம்பது வசந்தம் போய்விட்டது. சரி, அகலம் வேண்டும். வெர்னாவிடம் ஒரு வார்த்தை, இந்த வளைவில் கொஞ்சம் அகலமாகத் தள்ளு என்று சொல்லியிருக்கலாம். சொல்வதா? சொன்னால் அது கேட்டதாக ஆகிவிடும். நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்டவன் கடன்காரன், கேட்காதவன் யாருக்கும் பாக்கி இல்லாதவன். லெம்பி அடக்கம் நடந்த வாரம் வெர்னா தானாக வந்து பாதையைத் தள்ளிவிட்டாள், அடுத்த பனிக்கும் வந்தாள், அதற்கடுத்ததற்கும், நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கையாட்டினால்கூட அது ஒப்பந்தம் ஆகிவிடுமோ என்று கையை ஆட்டவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரண்டு புகை போட்ட மீனைக் காகிதத்தில் சுற்றி அவள் வீட்டுக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு வந்துவிடுவேன். கூலியா, நன்றியா? பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் வம்பு. ‘கேட்டா உங்க வாய் தேஞ்சா போயிடும்?’ என்பாள் லெம்பி. தேயாது. ஆனால் குச்சியை நகர்த்தினால் கேட்காமலே காரியம் ஆகிவிடும் என்று தோன்றியது, முதல் பெரிய பனியில் எப்படியும் அவள் அகலமாகத்தான் தள்ளுவாள், இல்லையென்றால் ஜனவரிக்குள் இரண்டு பக்கமும் பனிச்சுவர் நெருக்கிவிடும், குச்சி எங்கேயோ அதுவரை தள்ளுவாள். தள்ளினாள். என் வாக்கை நம்பி நேராகப் போய் என் நாயின் கம்பத்தில் மோதினாள். குச்சி எங்கே? தேடினேன். காணவில்லை. மோதிய வேகத்தில் வண்டி பக்கவாட்டில் துள்ளிக் குச்சியை முறித்து எங்கேயோ பனிக்குள் எறிந்திருக்கிறது.

வெர்னாவை அடுப்படிக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தேன், நெற்றியில் வைக்கத் துணியில் பனி கட்டிக் கொடுத்தேன், காப்பி ஊற்றினேன், அவளே போன வாரம் கொடுத்த ஏலக்காய் ரொட்டி மூன்று துண்டு மீதியிருந்தது, அதையும் வைத்தேன், அவள் செய்ததை அவளுக்கே வைக்கிறேனே என்று அந்த நிலையிலும் ஒரு கூச்சம், மனசு என்னவெல்லாம் எண்ணுகிறது பார். அவள் சர்க்கரைக் கட்டி எடுக்கக் கை நீட்டினாள், கை கிண்ணத்துக்கு நாலு விரல் இந்தப் பக்கம் மேசைத் துணியைக் கிள்ளியது, அப்புறம் தடவிக்கொண்டே போய்க் கிண்ணத்தைப் பிடித்தது. அதிர்ச்சி, நடுக்கம், எனக்கும்தான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்று பனிக்காகப் பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள், அதனால்தான் ஒன்பது மணிக்கு வந்தாள், மற்ற நாளென்றால் விடிவதற்கு முன்பே என் பாதையைத் தள்ளிவிட்டுப் பள்ளி பஸ் ஓட்டப் போயிருப்பாள், இருபத்திரண்டு வருஷமாக அந்த மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறாள், புருஷன் இருந்தபோதும் அவள்தான், அவன் போன பின்னும் அவள்தான். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக் காப்பியை உறிஞ்சினாள், இரண்டு மடக்கு. அப்புறம் சொன்னாள், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்து, “உங்க கிட்ட ஒண்ணு சொல்றேன், ஊர்ல சொல்லிடாதீங்க.” கண்டுபிடித்துவிட்டாளோ? “குச்சி எனக்கு இடப்பக்கம் இருந்துச்சு. நல்லாப் பாத்தேன், சிவப்புத் துணி, இடப்பக்கம், நான் உள்ள இருக்கேன்னுதான் ஓட்டினேன். அப்புறம் டங்குன்னு ஒண்ணு. எறங்கிப் பாத்தா குச்சியே இல்ல. மத்த குச்சியெல்லாம் இருக்கிற வரிசையப் பாத்தா நான் எங்கயோ புல்லுக்குள்ள போயிருக்கேன். அப்ப நான் பாத்தது என்ன? இல்லாத குச்சியப் பாத்திருக்கேன் பெரியவரே.” துணியில் கட்டிய பனி உருகி அவள் கன்னத்தில் ஓடியது, துடைக்கவில்லை. “வசந்தத்துலயே கண் டாக்டர் சொன்னார், ரெண்டு கண்ணுலயும் புரை விழுது, இலையுதிர்காலத்துல வந்து காட்டுன்னார். நான் போகல. போனா பஸ் சாவிய வாங்கிடுவாங்க. இப்பப் பட்டப்பகல்ல ஒரு குச்சி தெரியலன்னா, இருட்டுல முப்பத்தொரு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு… போதும். நாளைக்குப் போய் நானே சாவியக் குடுத்துடுறேன்.” அப்புறம் இன்னும் ஒன்று சொன்னாள், “உங்க கம்பத்துக்கு ஏதாச்சும் ஆயிருந்தா சொல்லுங்க, நான் சரி பண்ணிக் குடுத்துடுறேன்.” என் கம்பத்துக்கு! அவள் தகடு உடைந்து கிடக்கிறது, என் கம்பத்துக்கு நஷ்டம் தருகிறாளாம். நான் வாயைத் திறந்தேன். “ரொட்டி எடுத்துக்க” என்று வந்தது.

அவளுடைய நாத்தனார் புருஷன் டெல்பர்ட் பத்து மணிக்கு அவளைத் தேடிக்கொண்டு வந்தான், வெல்டிங் வேலை செய்கிறவன், வாய் பெரிசு. வாசலில் வண்டி நுழைந்தபோது நான் ஜன்னல் வழியே பார்த்தேன், வெர்னாவும் பார்த்தாள், “யாரது?” என்றாள், டெல்பர்ட்டின் வண்டி ஊரிலேயே ஒரே ஆரஞ்சு நிற வண்டி, அப்புறம் எஞ்சின் இருமியதைக் கேட்டுவிட்டு “ஓ, டெல்பர்ட்டு” என்றாள். நான் அதையும் பார்த்தேன். பார்த்து ஒரு பக்கம் வைத்தேன், எனக்கு என் பயமே பெரிதாக இருந்தது. டெல்பர்ட் சங்கிலி போட்டு அவள் வண்டியை வளைவிலிருந்து பாதை முனை வரை இழுத்துக்கொண்டு போனான், அடியில் படுத்துப் பார்த்தான், எழுந்தான், நெஞ்சில் ஒட்டிய பனியைத் தட்டினான். “சாதாரணமா மோதினா ஸ்பிரிங்கு மடங்கித் தகட்டக் காப்பாத்திரும், இது மூலையில மோதியிருக்கு வெர்னா, தாங்குற சட்டமே கிழிஞ்சிருக்கு. வண்டி ஓடும், தகட்ட மறந்துரு. புதுசு மாதிரி பண்ண ஒரு மாசம், சாமானும் நெறைய வாங்கணும்.” அப்புறம் என் பக்கம் திரும்பினான். “என்ன பெரிசு, யாரு குடுக்குறது?” அவனே தொடர்ந்தான். “எங்கப்பா காலத்துலேர்ந்து ஒரே சட்டந்தான். கூப்புட்டு வந்தவன் வண்டி ஒடஞ்சா கூப்புட்டவன் குடுக்கணும். கூப்புடாம வந்தவன் வண்டி ஒடஞ்சா அது வந்தவன் தலையெழுத்து. நீ கூப்புட்டியா?” “நான் யாரையும் கூப்புட்டதில்ல” என்றேன், சட்டென்று வந்தது, வாயில் தயாராக இருந்தது போல. “அது உலகத்துக்கே தெரியும்” என்றான் டெல்பர்ட், “வீடு பத்தி எரிஞ்சாக்கூட நீ தீயணைப்புக்காரன கூப்புட மாட்ட, அவனாப் புகையப் பாத்து வந்தா, கதவு தொறந்துதான் இருக்கும்பே.” “விடு டெல்பர்ட்” என்றாள் வெர்னா. “அவர் கூப்பிடல, நானா வந்தேன், நானாப் போய் மோதினேன். என் செலவு.” அவ்வளவுதான். முடிந்துவிட்டது. சட்டப்படி நான் தப்பித்துவிட்டேன், ஊர்ச் சட்டம், எறும்பு எழுத்து இல்லாத சட்டம், அதுவே என் பக்கம். இருவரும் தகட்டைக் கழற்றப் பாதை முனைக்குப் போனார்கள். நான் கொட்டகைக்குப் போய் மண்வாரியை எடுத்துக்கொண்டு வளைவுக்கு நடந்தேன்.

என்ன செய்யப் போனேன்? கம்பத்தைச் சுற்றிப் பனியை வாரத்தான், டெல்பர்ட் வண்டியும் போய் மோதிவிடக் கூடாது என்றுதான், அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்பத்தைத் தாண்டி அரை எட்டு தூரத்தில் மண்வாரி ‘கடக்’ என்றது. குனிந்து கையால் விலக்கினேன். தேவதாருக் குச்சியின் அடிக்கட்டை, நாலு விரல் நீளம், உறைந்த மண்ணில் ஆணி அடித்த மாதிரி நின்றது, முறிந்த இடம் மஞ்சளாக, புதிதாக, தேவதாரு வாசனைகூட வந்தது. கம்பத்துக்கு வெளியே குச்சி. குச்சிக்கு உள்ளே அவள். அவள் கண் பார்த்தது சரி. குச்சி இடப்பக்கம், சிவப்புத் துணி, எல்லாம் சரி, இல்லாத குச்சியை அவள் பார்க்கவில்லை, இருந்த குச்சியைப் பார்த்தாள், பொய் சொன்னது குச்சி, குச்சி எங்கே சொன்னது, நான் சொன்னேன். ஒரு வாரிப் பனியை எடுத்து அந்தக் கட்டையின் மேல் போட்டேன். மெதுவாகத்தான் போட்டேன். மூடிவிட்டது. ஏப்ரல் வரை யாருக்கும் தெரியாது, ஏப்ரலில் பனி உருகினால் ஒரு கட்டை, அதை யார் பார்க்கப் போகிறார்கள், புல்வெட்டும் கை அதையும் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிடும்… அந்த எண்ணம் வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. உடம்பெல்லாம் வேர்த்தது, எழுபத்தொன்பது வயசுக்காரன் பனியில் வேர்த்து நிற்கிறேன், கோட்டைக் கழற்றினேன், மண்வாரியைக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஊன்றி அதன் பிடியில் கோட்டை மாட்டினேன், சிவப்புக் கட்டம், தூரத்திலிருந்தே தெரியும், இங்கே கம்பம் இருக்கிறது என்று டெல்பர்ட்டுக்கு ஒரு அடையாளம். மாட்டிவிட்டு ஓரடி பின்னால் வந்து பார்த்தேன். சிவப்புத் துணி கட்டிய குச்சி. இப்போது சரியான இடத்தில். ஒன்றும் பேசாமல் ஒரு துணியைக் கட்டிவிட்டால் டெல்பர்ட்டுக்கு நான் என்ன சொல்கிறேன்? இந்தப் பக்கம் வராதே என்கிறேன். அன்றைக்கு ஒன்றும் பேசாமல் குச்சியைத் தள்ளி நட்டபோது வெர்னாவுக்கு என்ன சொன்னேன்? இதுவரை வா என்றேன். வாயைத் திறக்கவில்லை, கையைக் காட்டவில்லை, ஆனால் வா என்றேன். கூப்பிட்டிருக்கிறேன். ஒன்பது வருஷமாக யாரையும் கூப்பிட்டதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவன், நவம்பர் மாதம், நல்ல வெளிச்சத்தில், இரண்டு கையாலும் சம்மட்டி பிடித்துக் கூப்பிட்டிருக்கிறேன்.

பாதை முனைக்கு நடந்தேன். கோட்டு இல்லை, குளிரும் இல்லை. “வெர்னா” என்றேன். அவள் ஒரு போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “அந்தக் குச்சிய நகத்தி வச்சேன். நான்தான். ஒன்றர எட்டு. வெளிய.” டெல்பர்ட் ஸ்பேனரை நிறுத்தினான். “கேஸ் லாரி திரும்பணும்னு. அந்த நாய்க் கம்பம் உள்ள வந்துருச்சு. யோசிக்கல. குச்சியோட அடி இன்னும் மண்ணுல இருக்கு, வா காட்டுறேன். நீ உள்ளதான் இருந்த.” இவ்வளவு வார்த்தையை ஒரே மூச்சில் நான் லெம்பியிடம்கூடப் பேசியதில்லை. “தகடு என் செலவு” என்றேன், “டெல்பர்ட்டு, என் படகு மோட்டார் மேல உனக்கு எத்தன வருசமாக் கண்ணு? எடுத்துக்க. மீதிய வேற எப்படியாச்சும் குடுக்குறேன்.” டெல்பர்ட் விசிலடித்தான். “பெரிசு, இன்னிக்குத் தேதி என்ன? செவுத்துல எழுதி வைக்கணும்.” நான் வெர்னாவைப் பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன், ‘ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?’ என்று லெம்பி குரலில் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் தகட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போல்ட்டைக் கீழே வைத்தாள். “அப்ப குச்சி இருந்துச்சா?” என்றாள். “இருந்துச்சு.” “எனக்கு இடப்பக்கம்?” “ஆமா.” “அப்ப என் கண்ணு?” அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை, அவள் முகத்தில் இருந்ததை ஒன்பது வருஷத்தில் பார்த்ததில்லை, சின்னப் பிள்ளை தன் பெயரை எப்போது வாசிப்பார்கள் என்று காத்திருக்குமே அப்படி. “உன் கண்ணுல ஒண்ணுமில்ல” என்றேன். சொல்லிவிட்டேன். அவள் வந்து, நெற்றி வீக்கத்தோடு, பெரிய கையுறை போட்ட கையால் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “கெழட்டுக் கழுத!” என்றாள், “ஒரு மணி நேரமா என்னைக் குருடியாக்கி வச்சிருந்தீங்களே!” சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். “நாளைக்கு பஸ் எடுக்கிறேன் டெல்பர்ட்டு. டாக்டரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.”

எனக்கு லேசாக இருந்தது, உண்மையைச் சொன்னால் இப்படித்தான் இருக்குமா, சுரங்கத்திலிருந்து கூண்டு மேலே வரும்போது வயிறு கீழே தங்கிவிடுமே, அந்த மாதிரி. கொட்டகை வாசலில் போய் நின்றேன், முதுகைக் கதவில் சாய்த்து, அவர்கள் போவதைப் பார்க்க. டெல்பர்ட் தகட்டைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டான். வெர்னா தன் பிக்கப்பில் ஏறினாள், தகடு இல்லாமல் அந்த வண்டி பொக்கை வாய்க் கிழவி மாதிரி இருந்தது, கிளப்பினாள், ரேடியோ மறுபடி கத்தியது, கண்ணாடியை இறக்கினாள், தலையை வெளியே நீட்டினாள். நல்ல வெளிச்சம், மேகம் விலகி வெயில்கூடக் கொஞ்சம். நான் கையைத் தூக்கினேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை, ஒப்பந்தம் ஆனால் ஆகட்டும் என்று நன்றாகத் தூக்கி ஆட்டினேன். அவளும் கையை ஆட்டினாள். “வரேன் பெரியவரே! சனிக்கிழமை சாவ்னா அறையச் சூடு பண்ணி வைங்க, நானும் டெல்பர்ட்டு சம்சாரமும் ஆவிக்குளியலுக்கு வரோம், அதான் அபராதம்! உள்ள போங்க, குளுருல நிக்காதீங்க!” நல்ல சத்தமாக, சந்தோஷமாகக் கத்தினாள். என்னைப் பார்த்து அல்ல. வளைவைப் பார்த்து. வளைவில் மண்வாரிப் பிடியில் மாட்டியிருந்த என் கோட்டைப் பார்த்து ஆட்டினாள், அது ஆடவில்லை, அவள் இன்னும் ஒரு தடவை ஆட்டினாள், அப்புறம் சிரித்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றினாள். நான் இருபது எட்டு தள்ளி, வெயிலில், தூக்கிய கையோடு நின்றேன். சர்க்கரைக் கிண்ணம். ஆரஞ்சு வண்டி. ஒரு பக்கம் எடுத்து வைத்ததெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. அவள் கண் குச்சியைப் பார்த்தது, அது உண்மை, ஆனால் குச்சியில் கட்டிய சிவப்பைத்தானே பார்த்தது, சிவப்பைத் தவிர வேறு எதைப் பார்த்தது? உன் கண்ணில் ஒன்றுமில்லை என்றேனே, நான் யார் அதைச் சொல்ல, எட்டாவது படித்த டாக்டரா? வண்டி சாலைக்குத் திரும்பிவிட்டது. எதிர்வீடுதான், நூறு எட்டு இருக்குமா, ஒன்பது வருஷத்தில் அந்தக் கதவுப்பிடியில் மீன் மாட்டியிருக்கிறேன், தட்டியதில்லை. தட்டி, என்ன என்று கேட்டால்… டாக்டரிடம் போ என்று சொல்வதா, போவாயா என்று கேட்பதா? கேட்பதுதான். கேட்பதற்கு எந்த வார்த்தையில் ஆரம்பிப்பார்கள்? நாளைக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும், காலை ஆறே முக்காலுக்கு, இருட்டில், மஞ்சள் பஸ் இந்த வழியாகத்தான் போகும்.